தேர்வு அறை வாசலில் ஏன் கொட்டாவி?

"ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும்போது மட்டும் கொட்டாவி கொட்டாவியாக வருகிறதே, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பதற்றத்தில் வரும் கொட்டாவி அது. பாராசூட்டில் குதிக்கப் போகும் வீரர்களுக்கும் வரும். பனித்தரையில் வேகச் சறுக்குப் போட்டிகளில் ஓடிய அமெரிக்க வீரர் அப்போலோ ஓனோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு முன் கொட்டாவி விடுவார்.

மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் வருகிறது என்று பள்ளியில் கேட்டிருப்போம். அது தவறு. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் புரோவைன் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்த்தார். கொட்டாவி குறையவில்லை. கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினார், அதிகரிக்கவும் இல்லை.

சரி, பயத்துக்கும் கொட்டாவிக்கும் என்ன சம்பந்தம்? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குள் பாராவென்ட்ரிகுலர் நியூக்ளியஸ் என்று ஒரு குட்டி நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. பயந்தால் அங்கிருந்து சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் கிளம்பும், அதைக் கேட்டு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏ.சி.டி.எச். என்ற இன்னொரு ஹார்மோனை விடும், அதனால் சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைச் சுரக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். அதே குட்டிக் கூட்டத்தில்தான் ஆக்சிடோசின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்களும் இருக்கின்றன. எலியின் மூளையில் சரியாக அந்த இடத்தில் துளி ஆக்சிடோசினைச் செலுத்தினால் போதும், எலி வாயைப் பிளந்து கொட்டாவி விடும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைப் போல வேலை செய்யும் மருந்துக்கும் அப்படித்தான். 1955-லேயே இத்தாலியில் ஃபெராரி குழுவினர் ஏ.சி.டி.எச்.-ஐ நாய்களின் மூளையைச் சுற்றியுள்ள நீரில் செலுத்தினார்கள். நாய்கள் உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தன, கொட்டாவி விட்டன. பயத்தின் மணியும் கொட்டாவியின் மணியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன!

2012-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழக உளவியலாளர் சைமன் தாம்ஸன் கொட்டாவிப் படங்களைக் காட்டி, முன்னும் பின்னும் எச்சிலை எடுத்துச் சோதித்தார். கொட்டாவி விட்டவர்களுக்குக் கார்டிசால் கூடியிருந்தது. கார்டிசால்தான் கொட்டாவியைக் கிளப்புகிறது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே வருவது கவனிக்க வேண்டிய விஷயம்.

பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளை கொட்டாவி விட்டால் "கண் பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றும் வீடுகள் இன்றும் உண்டு. ஏற்கெனவே பயந்திருக்கும் குழந்தைக்கு இன்னொரு பயம் எதற்கு? இதற்குப் பதில், நம் மருத்துவக் கல்லூரிகள் வாய்மொழித் தேர்வு வரிசையில் நிற்கும் மாணவர்களிடம், அவர்கள் சம்மதத்தோடு, எச்சில் மாதிரி எடுத்து, கொட்டாவி விடுபவர்களுக்குக் கார்டிசால் கூடுகிறதா என்று பார்க்கலாம். எச்சில் பரிசோதனைக்குப் பெரிய செலவில்லை. இப்படிப்பட்ட சின்ன ஆய்வுகளுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.