வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் தேவை?

சோலார் போட நினைப்பவர்களில் பலர் முதலில் மாடிக்குப் போய் இடத்தை அளக்கிறார்கள். வேறு சிலர் வீட்டில் இருக்கும் ஏசி, பிரிட்ஜ், மின்விசிறி, கெய்சர் எல்லாவற்றின் வாட்டையும் கூட்டி, "மொத்தம் ஐந்து கிலோவாட் வருகிறது, அப்படியானால் ஐந்து கிலோவாட் பேனல்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். இரண்டு வழியிலும் சரியான அளவு கிடைக்காது. முதலில் கையில் எடுக்க வேண்டியது மின்கட்டண ரசீதுதான்.

கிலோவாட் என்பது ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறது என்பதைச் சொல்லும் எண். அது எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் வருவது கிலோவாட் மணி, அதாவது யூனிட். 1,500 வாட் கெய்சர் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட் செலவாகும். 75 வாட் மின்விசிறி 20 மணி நேரம் சுற்றினால் ஒன்றரை யூனிட். வாட்டை மட்டும் பார்த்தால் பெரிதாகத் தெரிகிற கெய்சரைவிட, யாரும் கண்டுகொள்ளாத மின்விசிறி மூன்று மடங்கு மின்சாரம் சாப்பிடுகிறது. பொது மின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் சோலாரில், ஏதோ ஒரு கணத்தில் கூடுதலாக வேண்டிய மின்சாரம் அந்த இணைப்பிலிருந்து வந்துவிடும். அதனால் கருவிகளின் வாட்டைக் கூட்டிப் பேனலின் அளவை முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. வேண்டியது யூனிட் கணக்கு மட்டும்.

அதையும் ஒரு மாத ரசீதை வைத்துப் போடக்கூடாது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் செலவு மாறும். பன்னிரண்டு மாத ரசீதுகளைக் கூட்டி 365-ஆல் வகுத்தால் ஒரு நாளின் சராசரி வரும். வருடத்துக்கு 3,650 யூனிட் செலவாகும் வீடு என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 யூனிட்.

அடுத்த கேள்வி, ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு எத்தனை யூனிட் தரும்? பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் எண் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளி விழ வேண்டும், பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும். அந்த நிலையில் வரும் மின்சாரத்தைத்தான் லேபிளில் அச்சிடுகிறார்கள். கூரையில் அந்த இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும், நடுவில் மேகம் மறைக்கும். அதனால் ஒரு நாள் முழுக்க விழுந்த ஒளியை எல்லாம் கூட்டி, "1,000 வாட் வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம்" என்று மாற்றிச் சொல்வது வழக்கம். இதை முழுவெயில் நேரம் எனலாம். பகல் பன்னிரண்டு மணி நேரம் இருந்தாலும், வெயில் நன்றாக அடிக்கும் ஊர்களில் இது நான்கரை முதல் ஐந்தரை மணி வரைதான் வரும். பாலைவனப் பகுதிகளில் ஆறைத் தாண்டும். வட ஐரோப்பாவில் வருடச் சராசரி மூன்றை ஒட்டி நிற்கும். உங்கள் ஊருக்கான எண்ணை குளோபல் சோலார் அட்லஸ், ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். போன்ற இலவச இணையதளங்களில் வரைபடத்தைத் தொட்டே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இழப்புகள். இதில் பலரும் எதிர்பார்க்காதது வெப்பம். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு எதிரி. செல் சூடாக ஆக அதன் மின்னழுத்தம் குறைகிறது. சாதாரண சிலிக்கான் பேனலில் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இறங்கும். கோடை நண்பகலில் கூரை மேலுள்ள செல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்த நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். பேனலுக்கு அடியில் காற்று போக இடைவெளி விட்டுப் பொருத்தச் சொல்வது இதனால்தான். தூசி, கம்பி, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டர் ஆகியவை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எல்லாம் போக, லேபிள் கணக்கில் 75 முதல் 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நியாயமான மதிப்பீடு.

இப்போது கணக்கு எளிது. முழுவெயில் நேரம் 5, கைக்கு வருவது 77 சதவீதம் என்றால், ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 3.85 யூனிட் தரும். 10 யூனிட் வேண்டுமானால் 2.6 கிலோவாட். இதே வீடு முழுவெயில் நேரம் 3 மட்டுமே உள்ள ஊரில் இருந்தால் 4.3 கிலோவாட் வேண்டும். முழுவெயில் நேரத்தைப் பக்கத்து வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்து நாட்டுக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. என்னைக் கேட்டால், அளவைத் தீர்மானிக்கும் முக்கியமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. அந்தப் பத்து யூனிட்டை நீங்கள் எப்போது செலவழிக்கிறீர்கள்?

பேனல் பகலில் உற்பத்தி செய்கிறது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் பகல் செலவு மூன்று யூனிட்கூட இருக்காது. மிச்சம் ஏழு யூனிட் பொது மின் இணைப்புக்குப் போகும், இரவில் அங்கிருந்து ஏழு யூனிட் திரும்ப வரும். கொடுத்ததும் வாங்கியதும் யூனிட்டுக்கு யூனிட் நேராகக் கழியும் நெட் மீட்டரிங் முறை உங்கள் பகுதியில் இருந்தால் கவலையில்லை. வருடச் செலவுக்குச் சமமான அளவைப் போடலாம். அதற்கு மேல் போடுவது பல இடங்களில் வீண்தான், ஏனென்றால் வருட முடிவில் மிஞ்சும் யூனிட்டுக்குச் சொற்ப விலைதான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் கிடையாது.

கொடுக்கும் யூனிட்டுக்குக் குறைந்த விலை, வாங்கும் யூனிட்டுக்கு முழு விலை என்ற முறை இருந்தால் கதையே வேறு. அங்கே முதல் கிலோவாட் தரும் யூனிட்களில் பெரும்பகுதி வீட்டிலேயே செலவாகி, முழு விலையை மிச்சப்படுத்தும். மூன்றாவது கிலோவாட் தருவது ஏறக்குறைய எல்லாமே வெளியே போகும். ஒரே விலைக்கு வாங்கிய பேனல்தான், ஆனால் அது திருப்பித் தரும் பணம் மிகக் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் பகல் செலவை ஒட்டியே அளவு இருக்க வேண்டும். பகல் செலவைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு வாரம், காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவையுங்கள். அதோடு, துணி துவைப்பது, தண்ணீர் ஏற்றுவது, வாகனத்துக்குச் சார்ஜ் போடுவது போன்றவற்றை நண்பகலுக்கு மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். மாற்ற முடிந்தால் பெரிய அமைப்புக்கும் நியாயம் பிறக்கும்.

மின்தடைக்காக சோலார் போடுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும். கம்பியில் வேலை செய்பவர்மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தடையிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். இரவில் 5 யூனிட் தேவை என்றால், பாதி வரைதான் காலி செய்யலாம் என்ற வரம்புள்ள ஈய அமில பேட்டரியில் 10 யூனிட் கொள்ளளவு வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஆறு போதும். பொது இணைப்பே இல்லாத வீட்டுக்கு வருடச் சராசரி உதவாது. வெயில் மிகக் குறைந்த மாதத்தின் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கருவிகளின் வாட்டைக் கூட்டிப் பார்ப்பதும் அங்கேதான் தேவைப்படுகிறது. இன்வெர்ட்டர் அத்தனையையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும் அல்லவா.

சரி, இப்போது மாடிக்குப் போகலாம். இன்று வீடுகளுக்குப் போடும் பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர், 400 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். நம் 2.6 கிலோவாட்டுக்கு ஆறு பேனல் போதும். சாய்த்து வைக்கும்போது முன் வரிசையின் நிழல் பின் வரிசையில் விழாமல் விடும் இடைவெளி, கழுவ நடந்துபோக இடம் எல்லாம் சேர்த்தால் பேனலின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேலேயே தேவைப்படும். சாய்வுக் கோணம் பத்து டிகிரி முன்பின் ஆனால் பெரிய நஷ்டம் இல்லை. நிழல் அப்படியல்ல. பேனலுக்குள் செல்கள் வரிசையாக ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும். ஒரு செல்மீது நிழல் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். பைபாஸ் டையோடுகள் பாதிக்கப்பட்ட பகுதியை ஒதுக்கி மின்னோட்டத்தைச் சுற்றிவிடும், ஆனாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர், மரம் ஆகியவற்றின் நிழல் காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை எங்கே விழுகிறது என்று பாருங்கள், முக்கியமாகச் சூரியன் தாழ்ந்து போகும் குளிர்காலத்தில். நிழலில் எட்டு பேனல் வைப்பதைவிட வெயிலில் ஆறு வைப்பது மேல்.

3 கிலோவாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டரைச் சொன்னால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பேனல் முழு வாட்டைத் தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால் அது வழக்கமான பொருத்தம்தான்.

வரும் ஆண்டுகளையும் யோசிக்க வேண்டும். பேனல் வருடத்துக்கு அரை சதவீதம் அளவுக்குத் திறன் இழக்கும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மின்சார கார் வாங்குவது பெரிய விஷயம். 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 20 யூனிட் ஆகும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் நம் பத்து யூனிட் வீட்டின் செலவு ஒன்றரை மடங்காகிவிடும். எதிர்த் திசையில், 75 வாட் மின்விசிறிகளை 30 வாட் மின்விசிறிகளாக மாற்றினால் தேவையே சுருங்கும். இதைச் சோலாருக்கு முன்பே செய்துவிட வேண்டும், இல்லையென்றால் வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பேனல் வாங்க வேண்டியிருக்கும்.

பொருத்துபவரிடம் விலைப்பட்டியல் வாங்கும்போது, கிலோவாட்டுக்கு வருடத்தில் எத்தனை யூனிட் வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். முழுவெயில் நேரம் 5 உள்ள இடத்தில் 1,400-ஐ ஒட்டி இருந்தால் நம்பலாம். 1,900 என்று எழுதியிருந்தால், வெப்பத்துக்கும் நிழலுக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.