யூடியூபில் ஏற்றினால் பத்திரம் ஆகிவிடாது

போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய ஃபோனில் ஒன்றே முக்கால் நிமிட ஒப்பாரி. பாடிய ஆயா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. "கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுங்கக்கா" என்றார். போட்டுக் கேட்டேன். சோகமாக இருக்கட்டும் என்று யாரோ குரலுக்கு அடியில் கீபோர்டு இசையைச் சேர்த்திருக்கிறார்கள். ஆயா ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் சரியாக அந்த இசை எழும்பி, பெயரை விழுங்கிவிடுகிறது. பத்து தடவை கேட்டோம், பிடிபடவில்லை. ஒரிஜினல் எங்கே என்றேன்.

"பழைய ஃபோன எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேங்க்கா. அதான் யூடியூப்ல இருக்கே!"

பழைய கேசட்டுகளையும் ஒலிப்பதிவுகளையும் மீட்டு வைப்பது என் தொழில். இந்த ஆண்டு இதே பதிலைக் கேட்பது ஐந்தாவது முறை. வியாசர்பாடியில் ஒரு கானா பாடகரின் மகனும் இதையேதான் சொன்னார்.

யூடியூப் ஊருக்குக் காட்டுகிற இடம். வாசலில் மாட்டியதை பீரோவில் வைத்துப் பூட்டியதாக நினைக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பியபோதே அது ஒருமுறை சுருங்கியிருக்கும். யூடியூபில் ஏற்றும்போது இன்னொருமுறை சுருங்கும். இழந்த ஒலியை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. சேனல் சித்தப்பா மகன் பேரில் இருக்கும், அவருக்கு பாஸ்வேர்ட் நினைவிருக்காது. கானாவில் சினிமா மெட்டு வந்தால் காப்புரிமை என்று சொல்லி வீடியோவையே முடக்கிவிடலாம். அப்போது உங்கள் கையில் என்ன மிச்சம்? ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரிஜினலை வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

"இதையெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்க வந்து எடுப்பாங்க" என்று இன்னொரு பேச்சு. வருகிறார்கள்தான். ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்பது நம் பெண்களின் நம்பிக்கை. வெளியாள் ஹாலில் மைக்கை வைத்து "பாடுங்கம்மா" என்றால், மரியாதைக்கு நாலு வரி பாடி நிறுத்திக்கொள்வார்கள். மரண கானாவில் இறந்தவர் பேரும் உறவும் உள்ளே கோத்து வரும். அது யார், எந்தத் தெரு என்று தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். எதை, எப்போது, எங்கே உட்கார வைத்துக் கேட்கலாம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். வாழும் மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கையில் இந்தியா 2005-ல் சேர்ந்தது. எது மரபு என்பதை அந்தச் சமூகமே அடையாளம் காண வேண்டும், பட்டியல் தயாரிப்பதிலும் அவர்கள் பங்கு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டானாலும் சட்டி மோளமானாலும் முதலில் பதிய வேண்டியவர்கள் நீங்கள்தான்.

ஸ்டுடியோ தேவையில்லை. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கையில் பிடிக்காமல், மடித்த துண்டின் மேல், பாடுபவரிடமிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், அது டோலக்கையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுத்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஏறக்குறைய 1 ஜிபி. சேர்த்து வைத்திருக்கும் ரீல்ஸை அழித்தால் இடம் கிடைத்துவிடும். யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். (குக்கர் விசிலையும் கொருக்குப்பேட்டை ரயில் ஹாரனையும் எடுத்துவிடச் சொல்லி என்னிடம் வராதீர்கள். அது எந்த வீடு, எந்த ஊர் என்பதற்கு அதுவே சாட்சி.)

பாட்டுக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பதியுங்கள்: பாடுபவர் பேர், தெரு, தேதி, யாருக்காகப் பாடியது, யாரிடம் கற்றது. எனக்கு வரும் பதிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஐந்தும் கிடையாது. பாட்டு முடிந்ததும் பட்டென்று நிறுத்தாதீர்கள். "இது எங்க அத்த பாடுவா, அவ புருஷன் கடல்ல போனப்ப…" என்று அதற்குப் பிறகு தொடங்குகிற பேச்சை எவ்வளவு கேட்டாலும் போதாது.

பாடியவரிடமும், இறந்தவர் வீட்டாரிடமும் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அவர்கள் அழுதது உலகம் பார்ப்பதற்காக அல்ல.

குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும், இரண்டும் வேறு வேறு வீட்டில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு கேசட் பெட்டியில், லேபிளில் எழுதியிருந்த பேர்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தத் தம்பியின் பெரியாயா ஒருவர் எர்ணாவூரில் இருக்கிறாராம், காது நன்றாகக் கேட்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு இருவரும் போகிறோம். தங்கச்சி யாரைக் கூப்பிட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.