சிவப்பை இழந்த பார்லி

கிளிநொச்சியில் வயல் செய்யும் வாசகர் ஒருவர், புதிய இனம் உண்டாக்கக் காமாக் கதிர் பாய்ச்சிய விதையில் நஞ்சு தங்கிவிடாதா என்று கேட்டிருந்தார். தங்காது. கதிர் விதையை ஊடுருவிச் சென்றுவிடும், டி.என்.ஏ.யில் அது ஏற்படுத்திய மாற்றமே எஞ்சும். பார்லியில் எக்ஸ் கதிரால் இத்தகைய விகாரங்களை, அதாவது பரம்பரையாகத் தொடரும் மரபணு மாற்றங்களை, உண்டாக்கியதை லூயிஸ் ஸ்டாட்லர் 1928இல் வெளியிட்டார். கதிர்பாய்ச்சலால் உருவான, செக்கோஸ்லோவாக்கியாவின் குட்டைப் பார்லியான ‘டயமண்ட்’ 1965இல் வந்தது.

அத்தகைய விகாரமொன்று பியர் தயாரிப்புக்கும் உதவியது. பியருக்கு வேண்டிய மோல்ட், முளைவிடத் தொடங்கிய பார்லியைச் சூட்டில் உலர்த்தி எடுப்பது. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறவைத்து முளைகட்டும் வன்னி விவசாயிக்கு அதன் பாதி வேலை பழக்கமானதே: முளையம் அனுப்பும் கிபரலின் என்ற ஓமோன், மணியின் மாப்பொருளைச் சூழ்ந்துள்ள அலுரோன் படையைத் தூண்ட, அங்கிருந்து சுரக்கும் நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன.

தொல்லை விதையுறையில் இருக்கிறது. அங்குள்ள புரோஅந்தோசயனிடின்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் புரதத்தோடு பிணைந்து, குளிரூட்டிய பியரைக் கலங்கச் செய்கின்றன. அவை இல்லாத செடியை ஆயிரக்கணக்கான செடிகளுள் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு மணியையும் ஆய்வுகூடத்தில் சோதித்தால் ஆயுள் போதாது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் டிட்டர் வொன் வெட்ஸ்ரைன் குழுவினர் கைக்கொண்ட வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. தண்டின் அடியைச் சிவக்கச் செய்யும் அந்தோசயனின் என்ற நிறப்பொருளும் புரோஅந்தோசயனிடினும் ஒரே உயிர்வேதிப் பாதையில் உருவாகின்றன. பாதையின் பொதுவான பகுதி அறுந்தால் இரண்டும் இல்லாமற்போகும். ஆகவே, கதிரைப் போலவே விகாரத்தைத் தூண்டும் இரசாயனமான சோடியம் அசைட்டில் ஊறிய விதைகளை விதைத்து, சிவப்பை இழந்த செடியைத் தேடினாலே போதும். விகாரம் பெரும்பாலும் பின்னிடைவானது, அதாவது மரபணுவின் இரு பிரதிகளும் மாறினாலன்றி வெளிப்படாது என்பதால் முதற்பரம்பரை எதையும் காட்டாது. தன்மகரந்தச் சேர்க்கையின் பின் அடுத்த பரம்பரையில், விகாரத்தைச் சுமந்த செடியின் சந்ததியில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பச்சையாகவே நிற்கும். விலையுயர்ந்த கருவிக்கு நிதி ஒதுக்குவோர், வரப்பில் நடந்து செடி பார்க்கும் ஆளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வாறு கிடைத்த விகாரத்திலிருந்து ‘கலன்ட்’ என்ற இனம் உருவானது. ஆனால் விதையுறையின் அந்தப் பொருள் மணியின் உறங்குநிலைக்கும், அதாவது முளைக்காமல் காத்திருக்கும் நிலைக்கும், காவல். அது குறைந்தால், அறுவடைக்கு முன் மழை பெய்யும்போது மணி கதிரிலேயே முளைவிடக்கூடும். காலபோக நெல் தை மழையில் சாய்ந்து கிடந்து முளைத்ததைக் கண்டவர்களுக்கு அந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. மோல்ட் ஆலைக்கோ, முன்னரே முளைத்த மணி மீண்டும் சீராக முளைக்காது.