நரம்புச் சிகரம் அல்ல, நரம்பு முகடு

போன வாரம் ஹட்டனில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி முளையத்தின் படம் வரைந்து கொண்டுவந்தாள். தலை உச்சியில் ஒரு கூம்பு. பக்கத்தில் ‘நரம்புச் சிகரம்’ என்று எழுதியிருந்தாள். பிழை அவளுடையது அல்ல. கையிலிருந்த மொழிபெயர்ப்புக் குறிப்பில் அந்தச் சொல்தான் இருந்தது. வேறு பிள்ளைகளின் கொப்பிகளிலும் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

மூலச் சொல் ‘நியூரல் கிரெஸ்ட்’. முளையத்தின் முதுகுப் பக்கத்தில் தோன்றும் ஒரு கலத்தொகுதியின் பெயர் அது. கிரெஸ்ட், லத்தீன் ‘கிறிஸ்டா’விலிருந்து வந்தது, சேவல் கொண்டை என்று பொருள். 1868இல் கோழி முளையத்தில் இதைக் கண்ட சுவிஸ் உடற்கூற்றறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ், ‘இடைநாண்’ என்ற பொருளில் ஜெர்மன் பெயர் வைத்தார். ஆங்கிலேய விலங்கியலாளர் மில்ன்ஸ் மார்ஷல் 1878இல் ‘நியூரல் ரிட்ஜ்’ என்றார். ரிட்ஜ் என்றால் நீண்ட மேடு. மறு வருடம் ‘கிரெஸ்ட்’ என்று மாற்றிக்கொண்டார்.

நாண், ரிட்ஜ், கொண்டை மூன்றும் நீளவாக்கில் கிடப்பவை. சிகரமோ ஒரு முனை. சிவனொளிபாதமலை 2,243 மீற்றரில் போய் முடிகிற இடம் சிகரம். முள்ளந்தண்டுளிகளின் முளையத்தில் நடப்பது வேறு. முதுகுப் பக்கத்து நரம்புத் தட்டின் இரண்டு ஓரங்களும் எழும்பி, நடுவில் பொருந்திக் குழாயாகின்றன. தலைப்பக்கமிருந்து வால்பக்கம் வரை ஓடும் அந்தப் பொருத்தில்தான் இந்தக் கலங்கள் தோன்றுகின்றன. லயத்துக் கூரையில் இரண்டு பக்கத் தகரமும் மேலே வந்து சேரும் நீளக் கோட்டை என்னவென்று சொல்கிறோம்? முகடு. முகட்டுத் தகரம் காற்றில் போனால் வீடு நெடுக ஒழுகும் என்பது லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தெரியும். இப்படிக் கைக்கெட்டும் சொல் இருக்க, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் சிகரம் என்று எழுதக் கை வருமா?

சிகரம் வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. பொருள் பிழை என்பதற்காக மறுக்கிறேன். கொண்டை என்றே வைக்கலாம் என்பவர்களும் உண்டு. மூலத்துக்கு அது நெருக்கம்தான், ஆனால் கேட்டவுடன் தலைமயிர்தான் ஞாபகம் வரும். அப்புறம் ‘நாடோடிக் கலம்’ என்று ஒரு புதுச்சொல். முகட்டில் தோன்றினாலும் அங்கே நிற்பதில்லையே என்பது அதைச் சொல்பவர்களின் வாதம். உண்மைதான். இந்தக் கலங்கள் உடம்பெங்கும் போய் முள்ளந்தண்டை ஒட்டிய நரம்புத்திரட்டுகளாக, தோலின் நிறக்கலங்களாக, அதிரீனல் சுரப்பியின் உட்பகுதியாக, முகத்து எலும்பாகக்கூட மாறுகின்றன. ஆனால் முளையத்தில் இடம்பெயர்வது இவை மட்டுமா? இனப்பெருக்கக் கலங்களின் முன்னோடிகளும்தான் நடந்து போகின்றன. கொழும்பில் முப்பது வருடம் இருந்தாலும் நம்மை மலையகத்து ஆள் என்றுதான் சொல்கிறார்கள். பிறந்த இடத்தை வைத்து அழைப்பதில் குழப்பம் ஏதுமில்லை. ‘முகட்டுக் கலம்’ போதும்.

இதோடு சேர்த்துக் கெடுக்கும் இன்னொரு சொல் ‘பிளகோட்’. கிரேக்கத்தில் தட்டையான பலகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பதால் ‘தட்டு’ என்கிறார்கள். நரம்புத் தட்டு ஏற்கெனவே இருக்கிறதே! இது தலைப்பகுதியில் புறப்படை, அதாவது முளையத்தின் வெளி அடுக்கு, ஆங்காங்கே தடிப்பது. அட்டை கடித்த இடம் தடித்து நிற்பதைக் கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாரும் கண்டிருக்கிறார்கள். அதைத் தடிப்பு என்கிறோம். அந்தச் சொல்லே இங்கும் சரி. வில்லைத் தடிப்பு உள்ளே குழிந்து பிரிந்து கண்வில்லையாகிறது. செவித் தடிப்பு உட்காதாகிறது. மூக்குத் தடிப்பு மணத்தை உணரும் கலங்களைத் தருகிறது.

முகத்தின் தொடுகையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புத்திரட்டில் முகட்டுக் கலங்களும் தடிப்பிலிருந்து வந்த கலங்களும் கலந்திருக்கின்றன. இதே வரியைச் சிகரம், தட்டு என்று எழுதி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தால் அவள் எதை வரைவாள்?