சுவரில் ஒட்டும் கார்ட்டூன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அன்றைக்குத் தொழிற்சாலை வாசலில் உறுதிமொழி எடுப்பார்கள், ஓவியப் போட்டி நடத்துவார்கள், ஹெல்மெட் போட்ட ஒருவர் கட்டை விரலை உயர்த்தி நிற்கும் போஸ்டரையும் ஒட்டுவார்கள். அடுத்த மார்ச் வரை அது நிறம் வெளுத்து, ஒரு முனை பிய்ந்து அங்கேயே தொங்கும். சில வாரங்களிலேயே அது யார் கண்ணிலும் படாமல் போய்விடும். பிறகு "கார்ட்டூனெல்லாம் இங்கே எடுபடாது சார்" என்று மனிதவளப் பிரிவில் முடிவு கட்டிவிடுவார்கள்.

எடுபடாமல் போவதற்குக் காரணங்கள் உண்டு. முதல் காரணம், கிண்டல் யார் மேல் விழுகிறது என்பது. விதியை மீறும் தொழிலாளியைக் கோமாளியாக வரைவது சுலபம். பல போஸ்டர்கள் அப்படித்தான் வருகின்றன. அந்தப் படத்துக்கு இரண்டே நாளில் பேனாவால் மீசை முளைக்கும், கீழே ஒரு சூப்பர்வைசரின் பெயரும் எழுதப்படும். நிர்வாகம் இதைக் குறும்பு என்று நினைக்கிறது. தொழிலாளிகள் எழுதிய பதில் அது.

திருப்பூர் தையல் பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பவர் டேபிள் என்ற மோட்டார் தையல் மெஷினில் விரலுக்கு நீடில் கார்டு உண்டு. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக்கிலும் பட்டன் மெஷினிலும், ஊசி ஒடிந்து தெறித்தால் கண்ணில் படாமலிருக்க ஐ கார்டு உண்டு. இரண்டையும் டெய்லர்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். ரத்தம் சொட்டும் விரலை வரைந்து "கார்டைக் கழற்றாதே" என்று எழுதினால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் கழற்றியவருக்குக் காரணம் தெரியும். ஐ கார்டின் பிளாஸ்டிக் தேய்ந்து, கீறல் விழுந்து, புகை படிந்த கண்ணாடிபோல் ஆகிவிட்டது; தையல் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. தைத்த துண்டுக்கு இவ்வளவு கூலி என்ற பீஸ் ரேட்டில் ஓடும் லைனில் அதை மாற்றித் தரச்சொல்லிக் காத்திருக்க யாருக்கும் பொழுதில்லை.

இனி படத்தை இப்படி வரையுங்கள். மங்கிப்போன ஐ கார்டுக்குப் பின்னால் ஒரு டெய்லர் கழுத்தை வளைத்து எட்டிப் பார்க்கிறார். சூப்பர்வைசர் கேட்கிறார்: "ஏனம்மணி, கார்டை ஏங் கழட்டுனே?" பதில்: "தெரியலீங்ணா!" லைனில் இதற்குச் சிரிப்பு நிச்சயம். சிரிப்பு டெய்லரைத் தாண்டிப்போய்த் தேய்ந்த பிளாஸ்டிக்கின் மேல் விழுகிறது. ஆனால் இதை ஒட்டுவதற்கு முன்பே மெயின்டனன்ஸ் அறையில் புது ஐ கார்டு இருப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் படம் நிர்வாகத்தின் மேலேயே திரும்பும், அப்படித் திரும்பத்தான் வேண்டும்.

இந்த நகைச்சுவைக்கு ஓர் எல்லை உண்டு. அது தமிழில்தான் வேலை செய்யும். ஒடியா, இந்தி, வங்காளம் பேசுபவர்கள் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருக்கும் லைனில் சிரிப்பு முழுக்கப் படத்திலேயே இருந்தாக வேண்டும்: மங்கிய கார்டு, அதன் மேல் விரலால் துடைத்துத் துடைத்துப் போட்ட வட்டம், பக்கத்தில் பளிச்சென்ற புது கார்டு, அது எந்தப் பெட்டியில் கிடைக்கும் என்று காட்டும் அம்புக்குறி. இரண்டு கட்டங்களுக்கு மேல் போகாதீர்கள். படக்கதை படித்துப் பழகாதவர் எந்தக் கட்டத்திலிருந்தும் தொடங்குவார். உருது படித்தவர் வலப்பக்கத்திலிருந்தே தொடங்கலாம். கட்டங்களுக்கு 1, 2 என்று பெரிய எண் போடுங்கள்.

படத்தால் வேலைப் பழக்கத்தைச் சொல்லித்தருவது புதிய யோசனை அல்ல. அமெரிக்க ராணுவம் 1951 முதல் வண்டி, ஆயுதப் பராமரிப்புக்கென்றே ஒரு மாத இதழ் நடத்தியது. அதன் ஓவியப் பொறுப்பை 1971 வரை காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் பார்த்தார். கையேட்டைப் புரட்டாத சிப்பாயும் கிரீஸ் போடுவது எப்படி என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மெஷின் பாகங்கள் துல்லியம், மனிதர்கள் மட்டும் கார்ட்டூன் என்பது அங்கே கடைப்பிடித்த முறை. நம் ஓவியர்கள் சறுக்குவது இதில்தான். ஓவர்லாக்கை இணையத்தில் தேடி வரைகிறார்கள். ஆலையில் இருப்பது வேறு மாடலாக இருக்கிறது. நூல் தவறான பக்கத்தில் ஓடுவதைப் பார்த்த டெய்லர் படத்தில் வேறு எதையும் நம்பமாட்டார். வரைவதற்கு முன் அரை நாள் லைனில் நின்று பாருங்கள்.

பென்சில் வரைவு முடிந்ததும் வாசகத்தை மறைத்துவிட்டு, அந்தப் பிரிவில் வேலை செய்யும் ஐந்து பேரிடம் தனித்தனியாகக் காட்டி "இதுல என்ன நடக்குது?" என்று மட்டும் கேளுங்கள். "புரியுதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேர் வேறு கதை சொன்னால் படத்தை மாற்றுங்கள், வாசகத்தைக் கூட்டாதீர்கள். அதே வரைவில் இன்னொன்றையும் பாருங்கள்: முதலாளி சிவப்பாகவும் உதவியாளர் கறுப்பாகவும் இருக்கிறார்களா, துடைப்பம் எப்போதும் பெண் கையில்தானா, யாருடைய பேச்சுவழக்காவது கேலியாகிறதா. பழக்கத்தில் கை தானாகப் போகும் இடங்கள் இவை.

பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும் என்பது போர்டு எழுதுபவர்கள் கணக்கு. ஏ3 தாளில் அந்த அளவுக்கு ஐந்தாறு தமிழ்ச் சொல்லுக்கு மேல் இடமில்லை. ஆகவே மெஷின் பக்கத்தில் படம் மட்டும். வாசகம் நீளமாக இருந்தால் கேன்டீன் வரிசை, கைரேகை வைக்கும் இடம், குடிதண்ணீர்க் குழாய் என்று ஆட்கள் நிற்கும் இடம் பாருங்கள். பளபள லேமினேஷன் டியூப் லைட்டில் கண்ணைக் கூசும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். மாதம் ஒன்று போதும், ஆனால் பழையதைக் கிழித்தே தீர வேண்டும்.

அச்சகத்தில் கவனம். ஏ3க்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 4961 பிக்சல் தேவை. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். திரையில் பளிச்சென்ற பச்சை, அச்சு மை வண்ணமான சிஎம்ஒய்கேயில் மங்கும். தமிழ் எழுத்தை கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித் தராவிட்டால், யூனிகோட் சரியாக ஏறாத பழைய கோரல் டிரா மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அச்சேறிய பிறகுதான் அது கண்ணில் படும்.

ஒரே ஒரு விஷயத்தில் நகைச்சுவைக்குக் கடிவாளம் போட்டே ஆகவேண்டும். பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. இதன் 19ஆம் பிரிவு, தண்டனை விவரத்தையும் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவை அமைத்த ஆணையையும் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. கார்ட்டூன் ஒட்டிவிட்டோம் என்பதால் அந்தக் கடமை தீராது. பின்பற்றாத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இன்னொரு ஆபத்து 16ஆம் பிரிவில் இருக்கிறது. புகாரின் உள்ளடக்கம், புகார் தந்தவர், எதிர்தரப்பு, சாட்சி ஆகியோரின் அடையாளம் எந்த வகையிலும் வெளியாகக் கூடாது. போன மாதம் நடந்ததை ஆளை மாற்றி வரைந்தாலும், அந்தத் தளத்தில் இருப்பவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். நடந்த சம்பவத்தைத் தொடவே தொடாதீர்கள். அழும் பெண்ணையும் முறுக்கு மீசை வில்லனையும் விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டு நிற்கும் மூன்றாவது ஆளை வரையுங்கள். அவர் என்ன சொல்லலாம், யாரிடம் போகலாம் என்பதைத்தான் பலருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த வேலையைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு: நிறுவனத்தில் சம்பளத்துக்கு வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை நிறுவனத்துக்கு. வெளியிலிருந்து வரைந்தாலும் கவனம் வேண்டும்; காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கு, ஒப்பந்தம் இல்லையென்றால், சொன்னவரே உரிமையாளர் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. கோட்டோவியக் கார்ட்டூன் அதில் சேருமா என்ற வழக்காட்டத்துக்கு இடம் வைக்காமல் எழுதி வாங்கிவிடுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். "எங்கள் ஆலைச் சுவர்களில் ஓராண்டு" என்பதற்கு ஒரு விலை, விளம்பரத்துக்கும் சேர்த்து என்றால் வேறு விலை.

பில்லில் வரைவு, திருத்தம், இறுதிப் படம் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். இரண்டு திருத்தம் விலைக்குள், மூன்றாவதிலிருந்து கூடுதல் கட்டணம் என்று முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். மேனேஜர், ஜிஎம், எம்டி என்று ஒவ்வொருவராகப் பார்த்து ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். ஒப்புதல் தருபவர் யார் என்று ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் பாதி வராமல் கலர் போடத் தொடங்காதீர்கள். படத்தின் பாகங்களைத் தனித்தனியாக மாற்றக்கூடிய, லேயர் பிரிந்த மூலக் கோப்பைக் கேட்டால் அது தனி விலை. கொடுத்துவிட்டால் நீங்கள் வரைந்த டெய்லர் அடுத்த மாதமே வேறொருவர் கையால் தீபாவளி வாழ்த்து சொல்லிக்கொண்டிருப்பார்.