'வீட்ல ஒத்துக்க மாட்டாங்க': ஜெனீவாவில் கூட்டணி உடையும் விதம்

"வளரும் நாடுகள் எல்லாம் சேர்ந்து நின்றால் அமெரிக்காவையே மடக்கலாமே, கூட்டணி ஏன் பாதியில் உடைகிறது?" என்று தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணிக் கணக்குப் போடும் ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான்.

ஜெனீவாவில் இயங்கும் உலக வர்த்தக அமைப்பில் உறுப்பு நாடுகள் ஒருமித்தால்தான் முடிவு. 2003-இல் மெக்சிகோவின் கான்கூனில் நடந்த அதன் மாநாட்டையொட்டி பிரேசிலும் இந்தியாவும் முன்னின்று ஜி-20 என்ற அணியைக் கட்டின (தலைவர்கள் கூடிப் படம் எடுத்துக்கொள்ளும் ஜி-20 வேறு). பணக்கார நாடுகள் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியத்தை வெட்டச் சொன்னது அணி. அதுவரை சரி.

அப்புறம்தான் சுவாரசியம். எம்.சி. ரோட்டில் புடவை பேரம் பேசும் அக்காவைக் கவனியுங்கள்: "எனக்குப் பிடிச்சிருக்குண்ணா, இந்த விலைக்கு வாங்கிட்டுப் போனா வீட்ல திட்டுவாங்க." கடைக்காரர் யாரோடு வாதாடுவார்? திட்டுகிறவர் அங்கே இல்லையே! கை கட்டப்பட்டிருப்பதே அக்காவின் பலம். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1960-லேயே இதைச் சொன்னார். 1988-இல் அரசியல் அறிஞர் ராபர்ட் பட்னம் அதைப் பன்னாட்டுப் பேச்சுவார்த்தைக்குப் பொருத்தினார்: அமைச்சர் ஒரே நேரத்தில் இரண்டு மேசைகளில் ஆடுகிறார், ஒன்று ஜெனீவாவில், இன்னொன்று உள்ளூரில். உள்ளூர் மேசை எவ்வளவு இறுக்கமோ, ஜெனீவாவில் அவ்வளவு பிடிவாதம் பிடிக்கலாம். ஆனால் மிரட்டல் பலிக்க, வீட்டில் திட்டுகிறவர் நிஜமாகவே இருக்க வேண்டும்.

2008 ஜூலையில் ஜெனீவாவில் பேச்சு நடந்தபோது இந்தியாவுக்கு அப்படித் திட்டுகிறவர்கள் இருந்தார்கள். உழைப்பாளர்களில் பாதிப்பேர் விவசாயத்தில், அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல். மலிவு விளைபொருள் வந்து குவிந்தால் வரியை உயர்த்தும் உரிமை வேண்டும் என்றார் அப்போதைய வர்த்தக அமைச்சர் கமல்நாத். இறக்குமதி 40 சதவீதம் கூடிய பிறகே வரியைப் பழைய உச்சவரம்புக்கு மேல் ஏற்றலாம் என்ற வரைவை அவர் ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது. பிரேசிலோ அந்த வரைவுக்குத் தலையாட்டியிருந்தது. அங்கே உள்ளூர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சோயாவும் மாட்டிறைச்சியும் ஏற்றுமதி செய்பவர்கள். அவர்களுக்குச் சந்தை திறந்தால் போதும். அமெரிக்காவிடம் பேரம் பேச உதவிய அதே கட்டு, கூட்டாளியையும் பிரித்தது.

இதையெல்லாம் தொலைக்காட்சி விவாதங்களில் 'தலைவரின் துணிச்சல்' என்று அளப்பதை ராசிபலன் கணக்கில்தான் சேர்ப்பேன்.

நம் ரேஷன் அரிசிக்கும் இதே கதை. ரேஷனுக்காக அரசு விவசாயிகளிடம் கொள்முதல் செய்யும் விலையை 1986-88 உலக விலையோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மானியம், உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக வர்த்தக அமைப்பின் விதி. தாண்டினாலும் வழக்குப் போடமாட்டோம் என்ற தற்காலிக ஏற்பாடு 2013 பாலி மாநாட்டில் கிடைத்தது. அதை உறுதியாக்க, 2014-இல் இந்தியா வேறொரு உடன்பாட்டையே சில மாதம் நிறுத்திவைத்தது. இன்று இந்திய அரிசி பற்றி முணுமுணுப்பவர்களில் தாய்லாந்தும் உண்டு. கான்கூன் அணியில் நம்மோடு நின்ற நாடுதான், ஆனால் அதுவும் அரிசி விற்கிறதே.