டீபக்கர் "சோர்ஸ் புதுசு"னு சொன்னா அது உண்மையிலேயே எதைப் பாத்து சொல்லுது?

கிராஃபிக்கல் டீபக்கர்ல, அதாவது ஓடுற புரோகிராமை நடுவுல நிறுத்தி உள்ள பாக்க உதவுற கருவியில, ஒரு பிரேக்பாயின்ட் (நிக்க வேண்டிய இடம்) வெச்சு ரன் கொடுக்கிறோம், கீழ கன்சோல்ல ஒரு வரி வருது: "வார்னிங்: சோர்ஸ் ஃபைல் இஸ் மோர் ரீசண்ட் தேன் எக்ஸிக்யூடபிள்". அதாவது கம்பைல் பண்ணதுக்கு அப்புறம் சோர்ஸை மாத்திட்டீங்க, நான் காட்டுற வரி தப்பா இருக்கலாம்ங்கிறது. பல சமயம் அது சரிதான், திரும்ப பில்ட் பண்ணா போயிடும். ஆனா எதையுமே மாத்தல, இப்பத்தான் பில்ட் பண்ணோம், அப்பவும் இதே வரி வருதுன்னா என்ன பண்றது? நிறைய பேர் எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டு முதல்ல இருந்து பில்ட் பண்ணுவாங்க, வார்னிங் போயிடும், ஏன் வந்துச்சுங்கிறது கடைசி வரைக்கும் தெரியாது. இதை ஒரு தடவையாவது வேர் வரைக்கும் தோண்டிப் பாக்கணும்ங்கிறது என் கட்சி, ஏன்னா பொய்யா வர்ற வார்னிங்கை கண்டுக்காம விட்டுப் பழகிட்டா உண்மையா வர்ற அன்னைக்கும் கண்ணு அதைத் தாண்டிப் போயிடும்.

முதல்ல இந்த வார்னிங் எதுக்கு இருக்குன்னு பாத்துடலாம். கம்பைல் ஆன பைனரிக்குள்ள, அதாவது மெஷின் நேரா ஓட்டுற ஃபைலுக்குள்ள, நம்ம சோர்ஸ் கோடு பொதுவா இருக்காது, அதைப் பத்தின ஒரு அட்டவணைதான் இருக்கும். லினக்ஸ்ல டிவார்ஃப்னு ஒரு ஃபார்மட், அதுல இருக்கிற லைன் டேபிள் சொல்றது இவ்வளவுதான்: மெமரில இந்த அட்ரஸ்ல இருக்கிற இன்ஸ்ட்ரக்ஷன், இந்த ஃபைலோட இந்த நம்பர் வரியில இருந்து வந்தது. அந்த வரியில என்ன எழுதியிருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. டீபக்கர் நம்பரை எடுத்துக்கிட்டு டிஸ்க்ல இப்ப இருக்கிற ஃபைலைத் திறந்து அந்த நம்பர் வரியைக் காட்டும்.

பில்.சி-ன்னு ஒரு ஃபைல், 42-ஆவது வரியில மொத்தத்தோட விலையைக் கூட்டுற கோடு இருக்குன்னு வைங்க. கம்பைல் பண்ணியாச்சு. அப்புறம் ஃபைலோட தலையில மூணு வரி கமெண்ட் எழுதி சேவ் பண்றீங்க, பில்ட் பண்ணல. இப்ப கூட்டுற கோடு எடிட்டர்ல 45-ஆவது வரி, பைனரிக்கு மட்டும் அது இன்னும் 42 தான். நீங்க 45-ல பிரேக்பாயின்ட் வெச்சா பழைய 45-ல இருந்த வேற ஏதோ கோடுல போய் நிக்கும், ஸ்டெப் பண்ணிட்டே வந்தா அம்புக்குறி காலி வரியில நிக்கும், பிராக்கெட் மூடுற இடத்துல நிக்கும். வேரியபிளோட வேல்யூ எல்லாம் சரியாவே இருக்கும், அம்பு மட்டும் பொய் சொல்லும், அதுதான் ரொம்ப குழப்புற விஷயம். அதனால வார்னிங் வேணும், அதுல சந்தேகமே இல்ல.

பிரச்சனை அது எப்படி முடிவு பண்ணுதுங்கிறதுலதான். 1986-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுத ஆரம்பிச்ச ஜிடிபி-தான் லினக்ஸ்ல பல கிராஃபிக்கல் டீபக்கர்களுக்கு அடியில ஓடுற எஞ்சின். அதோட சோர்ஸ்ல இந்த மெசேஜ் வர்ற இடத்தைப் பாத்தா ஒரே ஒரு இஃப் தான் இருக்கு. பைனரியோட எம்டைம், அதாவது கடைசியா எழுதப்பட்ட நேரம், அது பூஜ்யமா இல்லாம சோர்ஸ் ஃபைலோட எம்டைமை விட சின்னதா இருந்தா வார்னிங் போடு. அவ்வளவுதான். ஃபைலுக்குள்ள இருக்கிற ஒரு எழுத்தைக்கூட அது பைனரியோட ஒப்பிட்டுப் பாக்கிறது இல்ல, ரெண்டு கடிகார நேரத்தை வெச்சுக்கிட்டு "புதுசு"ங்கிற முடிவுக்கு வருது. மெசேஜ்ல எக்ஸிக்யூடபிள்னு வர்ற வார்த்தையும் முழுசா நம்பக் கூடாதது, ஏன்னா அந்த சோர்ஸ் எந்த பைனரியில இருந்து வந்துச்சோ அதோட நேரத்தைத்தான் அது பாக்கும், அது ஒரு ஷேர்டு லைப்ரரியா இருக்கலாம், தனியா பிரிச்சு வெச்ச டீபக் ஃபைலாவும் இருக்கலாம், நம்ம மெயின் புரோகிராமோட தேதியை எத்தனை தடவை பாத்தாலும் அங்க தப்பே தெரியாது.

இந்த நேர ஒப்பீடு தப்பாப் போற வழிகள்ல அதிகம் பேர் மாட்டுறது கிட்ல (கோடோட பதிப்புகளைச் சேமிக்கிற கருவி) பிராஞ்ச், அதாவது கோடோட தனிக் கிளை, மாத்துறதுலதான். கிட் ஃபைல்களோட எம்டைமை எங்கயும் சேமிக்கிறது இல்ல. இன்னொரு பிராஞ்சுக்குப் போனா ரெண்டு பிராஞ்சுக்கும் நடுவுல வித்தியாசப்படுற ஃபைல்களை மட்டும் திரும்ப எழுதும், அப்ப அதோட நேரம் இப்போதைய நேரமா மாறும், திரும்பி வந்தா மறுபடியும் எழுதும். உள்ள இருக்கிற கோடு பைனரி எடுத்த அதே கோடு, ஒரு எழுத்து மாறல, நேரம் மட்டும் புதுசு. இதுல ஒரு நல்ல தடயம் கிடைக்கும், சில ஃபைல்களுக்கு வார்னிங் வரும் சிலதுக்கு வராது, வர்ற ஃபைல்களோட எம்டைமை வரிசையா எடுத்துப் பாத்தா எல்லாம் ஏறக்குறைய ஒரே செகண்ட்ல நிக்கும். கையால எடிட் பண்ணி சேவ் பண்ற ஃபைல்கள் அப்படி ஒரே செகண்ட்ல வந்து விழாது.

சரி பில்ட் பட்டனை அமுக்கிடலாமேன்னு தோணும். மேக் (make)ங்கிற கருவி வெச்சு பில்ட் பண்றவங்களுக்கு அது வேலை செய்யும், ஏன்னா 1976-ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதின காலத்துல இருந்தே மேக்கும் எம்டைமைத்தான் பாக்குது, அதுவும் ஏமாந்து திரும்ப கம்பைல் பண்ணும், பைனரி புதுசாகும், வார்னிங் போயிடும். ஆனா எஸ்கான்ஸ், பேசல் மாதிரி பில்ட் கருவிகள் ஃபைலோட உள்ளடக்கத்தை ஹாஷ் பண்ணி, அதாவது அதுல இருந்து கைரேகை மாதிரி ஒரு எண் எடுத்துப் பாக்கும், "எதுவும் மாறல, எல்லாம் அப்டேட்டா இருக்கு"ன்னு சொல்லி எதையும் தொடாம விட்டுடும். நீங்க எத்தனை தடவை பில்ட் கொடுத்தாலும் பில்ட் ஒண்ணு சொல்லும் டீபக்கர் இன்னொண்ணு சொல்லும். இந்த மாதிரி ரெண்டு கருவி முரண்பட்டா உள்ளடக்கத்தைப் பாத்தது எதுவோ அதைத்தான் நம்பணும்.

அடுத்தது கடிகாரங்கள். சோர்ஸ் நெட்வொர்க் டிரைவ்ல இருக்கு, பைனரி லோக்கல் டிஸ்க்ல உருவாகுதுன்னா ரெண்டுக்கும் நேரம் போடுறது ரெண்டு வேற மெஷின். சர்வரோட கடிகாரம் 3 நிமிஷம் முன்னாடி ஓடுச்சுன்னா, நீங்க சேவ் பண்ணி உடனே 20 செகண்ட்ல கம்பைல் பண்ணாலும் சோர்ஸ் பைனரியை விட புதுசாத்தான் தெரியும். இந்த இடத்துல மேக் "கிளாக் ஸ்க்யூ டிடெக்டட்"னு தனியா ஒரு வார்னிங் கொடுக்கும், அது வந்திருக்கான்னு பில்ட் லாக்கை மேல தள்ளிப் பாருங்க, வந்திருந்தா பாதி வேலை முடிஞ்சுது. விர்ச்சுவல் மெஷினோட ஷேர்டு ஃபோல்டர்லயும் இதே கதைதான். ராஸ்பெர்ரி பை-ல அஞ்சாவது மாடலுக்கு முன்னாடி வந்ததுல கடிகார சிப்பே கிடையாது, பூட் ஆகி நெட்ல இருந்து நேரம் வாங்குறதுக்குள்ள கம்பைல் பண்ணிட்டா அந்த பைனரிக்குப் பழைய தேதி விழுந்துடும். ஜிப் ஃபைலோட அடிப்படை நேரப் புலத்துல டைம்ஸோன் கிடையாது, 2 செகண்ட் துல்லியம்தான், வேற டைம்ஸோன்ல கட்டின ஜிப்பைப் பிரிச்சா சோர்ஸோட நேரம் எதிர்காலத்துல போய் விழ வாய்ப்பு இருக்கு. நிக்ஸ்ங்கிற பேக்கேஜ் மேனேஜர் இன்னும் ஒரு படி மேல, அதோட ஸ்டோருக்குள்ள (பேக்கேஜ்களை வைக்கிற டைரக்டரி) போற ஃபைல் எல்லாத்துக்கும் எம்டைம் 1-ன்னு வெச்சிடும், அதாவது 1970 ஜனவரி 1 தொடங்கி ஒரு செகண்ட். பில்ட் எப்ப பண்ணாலும் ஒரே மாதிரி வரணும்ங்கிறதுக்காக அப்படிப் பண்றாங்க, நல்ல காரணம்தான், ஆனா அந்த பைனரியை ஸ்டோருக்கு வெளியில இருக்கிற சோர்ஸ் வெச்சு டீபக் பண்ணா வார்னிங் எப்பவுமே வரும்.

இதை விட மோசமானது இதோட மறுபக்கம். அந்த இஃப் ஒரு திசையில மட்டும்தான் ஒப்பிடுது, சோர்ஸ் பழைய தேதியில இருந்தா ஜிடிபி வாயே திறக்காது. பேக்கப்ல இருந்து ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்த பில்.சி-யை தேதியோட அப்படியே காப்பி பண்ணி வைங்க, இல்ல ஒரு டார் ஃபைலைப் பிரிச்சு வைங்க, கோடு சுத்தமா வேற, ஆனா எம்டைம் பைனரியை விட பழசு, அதனால வார்னிங் கிடையாது. அம்பு தப்பான வரியில நிக்கும், எச்சரிக்கை ஒண்ணும் இருக்காது. வார்னிங் வரலங்கிறதை வெச்சு சோர்ஸும் பைனரியும் பொருந்துதுன்னு முடிவு பண்ணவே முடியாது.

கிராஃபிக்கல் டீபக்கர்ல இன்னொரு சிக்கலும் சேந்துக்கும். நம்ம பாக்கிற ஜன்னல், அதாவது முகப்பு, ஒரு புரோகிராம், அடியில ஓடுற ஜிடிபி இன்னொரு புரோகிராம், ரெண்டும் பைப் வழியா பேசிக்குது. டிடிடிங்கிற பழைய முகப்பு ஜிடிபியோட சாதாரண கமாண்ட் லைன்கிட்டயே பேசும், இப்போதைய முகப்புகள் பல எம்ஐ-ன்னு மெஷினுக்காகவே உருவாக்கின ஒரு பாஷையில பேசும். எம்ஐ-ல ஒவ்வொரு வரியும் ஒரு குறியில தொடங்கும், கன்சோல்ல காட்ட வேண்டியது ~ குறியில, வார்னிங் மாதிரி ஜிடிபியோட சொந்த மெசேஜ் & குறியில, கமாண்டுக்கான பதில் ^ குறியில. முகப்போட செட்டிங்ஸ்ல இந்த பேச்சை லாக் பண்ற வசதி பெரும்பாலும் இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு வார்னிங் வர்ற நேரத்துல & குறியில அந்த வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா பேசுறது ஜிடிபி, இல்லன்னா முகப்பே சொந்தமா ஏதோ செக் பண்ணுது. லாக் வசதி இல்லன்னா டெர்மினல்ல வெறும் ஜிடிபியை அதே பைனரி மேல ஓட்டி அந்த ஃபைலை லிஸ்ட் பண்ணிப் பாத்தாலே தெரிஞ்சிடும். இதுல ஒண்ணு கவனிக்கணும், சோர்ஸ் ஃபைலை ஜிடிபி தானே படிக்கிறப்பதான் அந்த இஃப் ஓடும். எம்ஐ வழியா பேசுற முகப்பு ஃபைலோட பாத்தை மட்டும் வாங்கிக்கிட்டு தானே திறந்து காட்டும், அப்ப ஜிடிபி அந்தப் பக்கமே போகாது. நேரம் வித்தியாசமா இருந்தாலும் ஒரு ஜன்னல்ல வார்னிங் வந்து இன்னொரு ஜன்னல்ல வராம இருக்கிறதுக்கு இதுதான் காரணம், அதுவும் ஒரு தடவை படிச்சதை ஜிடிபி கேஷ் பண்ணி வெச்சுக்கிறதால அதே ஃபைலுக்கு ஒவ்வொரு ஸ்டெப்லயும் வராது.

ஜிடிபிதான்னு தெரிஞ்சதும் அடுத்த கேள்வி, எந்த ஃபைல்? "இன்ஃபோ சோர்ஸ்" கமாண்ட் கொடுங்க, கம்பைல் பண்ண டைரக்டரியும் இப்ப திறந்திருக்கிற ஃபைலோட முழு பாத்தும் வரும். எடிட்டர்ல நீங்க பாக்கிற பில்.சி-யும் டீபக்கர் திறந்த பில்.சி-யும் வேற வேற காப்பியா இருக்கிறது அடிக்கடி நடக்கிறதுதான், முக்கியமா கன்டெய்னருக்குள்ள பில்ட் பண்ணிட்டு வெளியில டீபக் பண்றப்ப பாத்தை மாத்திவிடுற செட்டிங் தப்பான இடத்தைக் காட்டிட்டு இருக்கும். பாத் சரின்னா "ஸ்டாட்" கமாண்டை சோர்ஸ் மேலயும் பைனரி மேலயும் ஓட்டி ரெண்டு நேரத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, வித்தியாசம் எவ்வளவுங்கிறதே பாதி பதில். சரியா மணிக்கணக்குல இருந்தா டைம்ஸோன், ஒரு சில நிமிஷம்னா கடிகாரம், கடைசியா பிராஞ்ச் மாத்தின நேரத்தோட ஒத்துப்போனா கிட்.

மெசேஜ் எங்க இருந்து வருதுன்னே புரியலன்னா டீபக்கரையே டீபக் பண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இது. ஒரு ஜிடிபிக்குள்ள இன்னொரு ஜிடிபியை ஓட்டி, உள்ள இருக்கிறதோட "வார்னிங்" ஃபங்ஷன்ல பிரேக்பாயின்ட் வெச்சா, நின்ன உடனே பேக்டிரேஸ்ல, அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டுச்சுங்கிற பட்டியல்ல, யார் கூப்பிட்டாங்க, எந்த ரெண்டு நேரத்தை ஒப்பிட்டாங்க எல்லாம் கண்ணு முன்னாடி இருக்கும். ஜிடிபி எழுதுறவங்களே இப்படித்தான் பண்றாங்க, எது வெளி எது உள்ளன்னு குழம்பாம இருக்க வெளியில ஓடுறதோட பிராம்ப்டை "டாப்-ஜிடிபி"ன்னு மாத்துற ஸ்கிரிப்டும் கூடவே தர்றாங்க. சோர்ஸ்ல தேடுறதா இருந்தா மெசேஜை இங்கிலீஷ்ல வர வெச்சுட்டுத் தேடுங்க, சிஸ்டம் வேற மொழியில இருந்தா திரையில வர்ற வரி கோடுக்குள்ள அப்படியே இருக்காது.

கடைசியா, உண்மையிலேயே சோர்ஸும் பைனரியும் பொருந்துதான்னு உள்ளடக்கத்தை வெச்சு சொல்ற வழி வேணும். பெரும்பாலான லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷன்ல லிங்கர் ஒவ்வொரு பைனரிக்கும் ஒரு பில்ட் ஐடி போடும், வழக்கமா 20 பைட், ஹெக்ஸ்ல 40 எழுத்து. அதே சோர்ஸை அதே பாத்ல, அதே கம்பைலர், அதே ஃபிளாக்ஸ் வெச்சு திரும்ப பில்ட் பண்ணி ரெண்டு ஐடியும் ஒண்ணா இருந்தா வார்னிங் பொய்னு நிம்மதியா சொல்லலாம். ஒண்ணா இல்லன்னா உடனே முடிவு பண்ணிடாதீங்க, கோடுக்குள்ள கம்பைல் தேதியைப் போடுற மேக்ரோ இருந்தாலே ஐடி மாறிடும். இன்னும் நேரான வழி செக்சம், அதாவது ஃபைலோட உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடுற கைரேகை எண். விஷுவல் ஸ்டூடியோவோட பிடிபிங்கிற டீபக் ஃபைல்ல ஒவ்வொரு சோர்ஸுக்கும் செக்சம் இருக்கு, அதனாலதான் அங்க ஃபைலோட தேதி மாறினா பிரச்சனை இல்ல, ஒரு ஸ்பேஸ் மாறினாலும் கண்டுபிடிச்சிடும். டிவார்ஃப்லயும் 2017-ல வந்த அஞ்சாவது பதிப்புல லைன் டேபிளுக்குள்ள எம்டி5-ங்கிற செக்சம் வைக்க இடம் கொடுத்தாங்க, கிளாங் கம்பைலர் அதை நிரப்புது. அதை எடுத்து டிஸ்க்ல இருக்கிற ஃபைலோட எம்டி5-ஓட ஒப்பிட்டா நேரமே தேவையில்ல.

பைனரி மேல "டச்" அடிச்சு எம்டைமை புதுசாக்கி வார்னிங்கை அடக்குற வழி ஒண்ணு சொல்லுவாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க, சோர்ஸ் உண்மையிலேயே மாறியிருந்தாலும் அதுக்கப்புறம் வார்னிங் வராது, சோர்ஸ்ல இருந்து நேரா பைனரியைக் கட்டுற அமைப்பா இருந்தா மேக்கும் எல்லாம் அப்டேட்டா இருக்குன்னு நம்பி கம்பைல் பண்ணாம விட்டுடும். அடிக்கடி பிராஞ்ச் மாத்துறவங்க 2015-ல கிட்ல வந்த வொர்க்ட்ரீ வசதியை வெச்சு ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனி டைரக்டரி, தனி பில்ட்னு வெச்சுக்கிட்டா ஃபைல்களைத் திரும்ப எழுதுற தேவையே வராது. நெட்வொர்க் டிரைவ்ல வேலை செய்றவங்க ரெண்டு மெஷினையும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியா நேரம் தர்ற) சர்வர்ல இருந்து நேரம் வாங்க வெச்சுட்டு, அதுக்கு முன்னாடி தப்பான நேரம் விழுந்த ஃபைல்களுக்காக ஒரே ஒரு தடவை முழுசா பில்ட் பண்ணிக்கணும்.